சேற்று மண்ணும் பி.எச். அளவும்

அந்தமானில், ஸ்ரீ விஜயபுரம் என்று 2024-இல் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர் நகரில், மின்னி பே என்னும் சிறு விரிகுடா உள்ளது. அதன் கரையில் கண்டல் மரங்கள் வளர்கின்றன. கண்டல் நிலத்துச் சேற்றை எடுத்தவுடன் சோதித்தால் பி.எச். பெரும்பாலும் 7-ஐ ஒட்டியே நிற்கும். அதே சேறு பைரைட் மிகுந்ததாயின், சில வாரங்கள் காற்றுப்பட்ட பின் 4-க்கும் கீழே இறங்கிவிடக் கூடும். முதற் சோதனையை மட்டும் நம்பி நீரை வடித்து நெல் நடுவோர் ஏமாறுவது இங்கேதான்.

பி.எச். என்பது டென்மார்க்கு நாட்டு அறிஞர் சோரென்சென் 1909-இல் வகுத்த அளவு. கரைசலிலுள்ள ஹைட்ரஜன் அயனிகளின் செறிவைக் காட்டுவது. 7 நடுநிலை, அதற்குக் குறைந்தால் அமிலம், மிகுந்தால் காரம். கடல்நீர் ஏறக்குறைய 8. ஓர் எண் இறங்கினால் அயனிச் செறிவு பத்து மடங்காகும். ஆகவே 7-லிருந்து 4-க்கு இறங்குவது ஆயிரம் மடங்கு ஏற்றம். 'மூன்று எண்தானே' என்று மாணவர் எண்ணுவது இயல்பே; பத்தை மும்முறை பெருக்கிக் காட்டினால் ஐயம் நீங்கும்.

கடல்நீரில் சல்பேட்டு உண்டு. காற்றில்லாச் சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் அதைச் சல்பைடாக மாற்றுகின்றன. அது இரும்புடன் கூடிப் பைரைட் ஆகிறது. நீருக்கடியில் இருக்கும்வரை தீங்கில்லை. நீர் வடிந்து காற்றுப் புகுந்தால் அது கந்தக அமிலமாக மாறும். மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து பயிரின் வேரைக் கெடுக்கும். கேரளத்துக் குட்டநாட்டின் கரி நிலங்களில் உழவர்கள் நெடுங்காலமாகப் படும் தொல்லை இதுவே.

2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தென் அந்தமான் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. தாழ்வான வயல்களில் கடல்நீர் புகுந்தது. அத்தகைய நிலத்தை மீட்கையில் உப்பையும் அமிலத்தையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. வரப்புயர்த்திக் கடல்நீரைத் தடுத்தால், உப்பை மழைநீர் கழுவிவிடும். அமிலமோ நீர் வடிந்த பின்னரே தலைகாட்டும்.

களப்பணியாளர் மாதிரியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு பாதியை உடனே காய்ச்சி வடித்த நீரில் கலக்கிச் சோதிக்கலாம். மறு பாதியை அகன்ற தட்டில் பரப்பி, ஈரம் காயாமல் சில வாரங்கள் காற்றாட வைத்துச் சோதிக்க வேண்டும். லிட்மஸ் தாள் இதற்குப் போதாது. அது அமிலமா காரமா என்று மட்டுமே சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. சேற்றில் சிப்பித் துகள்கள் மிகுந்திருப்பின் அவற்றின் சுண்ணாம்பு அமிலத்தை ஓரளவு முறித்துவிடும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைப்பதைக் கொண்டு அதனை அறியலாம். வடித்த நிலத்தின் வெடிப்புகளில் வெளிர்மஞ்சள் புள்ளிகள் தோன்றியிருப்பின், அமிலம் ஏற்கனவே உண்டாகிவிட்டது.