உங்களுக்குத் தெரியுமா? ஆகஸ்டில் பனி தேடிப் போகும் பிள்ளைகள்

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் வெயில் கொளுத்தும் ஆகஸ்டில், அங்குள்ள பனிச்சறுக்குப் பந்தயப் பிள்ளைகள் சிலி நாட்டுப் பயிற்சி முகாமுக்கு விமானம் ஏறுகிறார்கள். பூமத்திய ரேகைக்குத் தெற்கே அப்போது கடுங்குளிர்காலம். நியூயார்க்கிலிருந்து சான்டியாகோவுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டும். ஆனாலும் ஆகஸ்டில் இரண்டு ஊர்க் கடிகாரமும் ஒரே மணிதான் காட்டும். இறங்கிய மறுநாளே பனியில் கால் வைக்கலாம். நியூசிலாந்து முகாமுக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. முதல் இரண்டு நாளைத் தூக்கக் கலக்கம் தின்றுவிடும்.

●

சிலியின் போர்ட்டில்லோ ஆண்டிஸ் மலையில் 2,880 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலைச் சறுக்கின் உலக சாம்பியன்ஷிப் தென் அரைக்கோளத்தில் நடந்தது ஒரே ஒருமுறை, 1966 ஆகஸ்டில், இங்கேதான். மொத்தம் 24 பதக்கங்களில் 16-ஐப் பிரான்ஸ் அள்ளிக்கொண்டு போனது. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தை முதன்முதலில் ஒருவர் சறுக்கித் தாண்டியதும் இதே மலையில்தான். ஆண்டு 1978, வீரர் ஸ்டீவ் மெக்கின்னி.

●

போர்ட்டில்லோ ஊர் அல்ல. ஒரு ஹோட்டலும் அதைச் சுற்றி மலையும், அவ்வளவுதான். மறந்ததை வாங்கிக்கொள்ளத் தெருமுனைக் கடை கிடையாது. அதனால் முகாமின் பாதி வேலை வீட்டுக் கூடத்திலேயே முடிந்துவிட வேண்டும். பணத்தைக் கட்டியாயிற்று, இனி எல்லாம் பயிற்சியாளர் பாடு என்று இருக்கிற பெற்றோரின் பிள்ளைதான் முதல் நாள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்.

●

சறுக்குப் பலகையின் அடிப்பாகத்துக்கு மெழுகு பூச ஓர் இஸ்திரிப்பெட்டி உண்டு. அமெரிக்க வீடுகளில் மின்சாரம் 120 வோல்ட், சிலியில் 220. வெறும் பிளக் மாற்றியை நம்பி அமெரிக்கப் பெட்டியைச் செருகினால் புகைதான் வரும். ‘பிளக் பொருந்துகிறதா’ என்று பார்க்கிறவர்கள் அதிகம். பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் வோல்ட் எண்ணைப் பார்க்கிறவர்கள் குறைவு. மெழுகிலும் ஒரு கண் வேண்டும். ஃபுளோரின் கலந்த மெழுகை சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 2023-24 பருவம் முதல் பந்தயங்களில் தடை செய்துவிட்டது. பழைய பிரஷ்ஷில் ஒட்டியிருக்கும் மிச்சம்கூட வம்பில் மாட்டிவிடும்.

●

விவரம் தெரிந்தவர்கள் கிளம்புவதற்கு முந்தின இரவு பலகைக்கு மெழுகைத் தடிமனாகப் பூசிவிட்டு, சுரண்டாமல் அப்படியே பைக்குள் வைப்பார்கள். இரும்பு விளிம்பு துருப்பிடிக்காது, அடிப்பாகமும் கீறல் படாது. மலை ஏறியபின் சுரண்டினால் போதும். இரண்டு பலகைகளும் உரசாதபடி நடுவில் ரப்பர் பட்டை வைத்துக் கட்டுவதும் வழக்கம்.

●

பலகைப் பை விமானத்தில் தொலைந்தால் யாரிடமாவது கடன் வாங்கிச் சமாளிக்கலாம். பூட்ஸ் தொலைந்தால் முகாமே போச்சு. பந்தய பூட்ஸ் காலுக்கென்றே சூடாக்கி, தேய்த்து, வடிவம் திருத்தியது, இன்னொருவருடையது ஒத்துவராது. அதனால்தான் அதைக் கையோடு விமானத்துக்குள் எடுத்துப் போகிறார்கள். பூட்ஸைச் சூடாக்கும் லித்தியம் பேட்டரியைத் தனியே கழற்றினால் அதுவும் கைப்பையில்தான் போக வேண்டும். சரக்கில் போகும் பெட்டிக்குள் போட விதி இடம் தராது. இன்னொன்று: பதின்மூன்று வயதுக் கால் ஏப்ரலில் இருந்த அளவில் ஆகஸ்டில் இருக்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஜூலையிலேயே ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

●

மலைச் சறுக்குப் பந்தயக்காரர்களை அதிகம் முடக்கும் காயம் முழங்காலுக்குள் இருக்கும் முன் சிலுவைத் தசைநார் கிழிவதுதான். அதைத் தடுக்கும் வேலை கோடையில், புல்தரையில் நடக்கிறது. பெட்டி மேலிருந்து ஒற்றைக் காலில் குதிக்கச் சொல்லிவிட்டு, பயிற்சியாளர் எதிரே குத்துக்காலிட்டு முழங்காலையே பார்த்துக்கொண்டிருப்பார். தரையைத் தொடும்போது முழங்கால் உள்பக்கம் மடிந்தால், அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குப் பெட்டியின் உயரம் குறையும். எத்தனை கிலோ தூக்குகிறான் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

●

உயரம் 1,000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். புதுப் பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். எனவே வெயில் கீழிருந்தும் வரும்! சன் ஸ்கிரீனை நெற்றியில் அப்பிக்கொண்டு தாடையின் அடியையும் மூக்கின் கீழ்ப்புறத்தையும் விட்டுவிட்டால், மாலையில் அந்த இடங்கள்தான் எரியும்.

●

ஐரோப்பியப் பிள்ளைகளுக்கு உள்ளூர்ப் பனியாறுகளே கோடைப் பள்ளிக்கூடம். 2022 ஜூலைக் கடைசியில் சுவிட்சர்லாந்தின் செர்மாட் வெப்பத்தால் கோடைச் சறுக்கை நிறுத்த நேர்ந்தது; இத்தாலியின் ஸ்டெல்வியோவும் அந்தக் கோடையில் மூடியது. தெற்கே போவது வசதி படைத்தவர்களின் ஆடம்பரம் என்று இனி எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் செலவைக் கேட்டால் இன்னமும் தலை சுற்றும்.

●

நியூசிலாந்து விமான நிலையத்தில் பூட்ஸ் அடியில் ஒட்டிய மண்ணைக்கூடச் சொல்லித்தான் உள்ளே போக வேண்டும். விமானத்தில் கொடுத்த ஆப்பிளைச் சாப்பிடாமல் பைக்குள் போட்டுவிட்டு, படிவத்தில் குறிப்பிட மறந்த மாணவனுக்கு 400 நியூசிலாந்து டாலர் அபராதம் காத்திருக்கும்.