பழைய வண்டி வாங்கும்போது: வாரண்டி வாயிலா, பில்லிலா?

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் வட்டாரத்துக் கடைக்காரர்களாகிய நமக்குச் சொந்த வண்டி இன்று ஆடம்பரம் அல்ல. சேலத்தில் கொள்முதல் செய்த சரக்கைக் கொண்டுவரவும், கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக் கடைகளுக்குச் சப்ளை செய்யவும், கல்வராயன் மலையிலிருந்து புளி, கடுக்காய் போன்றவற்றை இறக்கி வரவும் வண்டி வேண்டும். புது வண்டியின் விலை கட்டுப்படியாகாதபோது பழைய வண்டி டீலரிடம் போகிறோம். அங்கே அநேகமாக எல்லோரும் கேட்கும் வாசகம் இது: “தைரியமா எடுத்துக்கிட்டுப் போங்கண்ணே, ஆறு மாசத்துக்கு எது போனாலும் நாங்க பார்த்துக்கிறோம்.”

இரண்டாம் மாதமே மலை ஏறும்போது என்ஜின் சூடாகி நின்றுவிட்டால் அந்த வாசகத்துக்கு மதிப்பு என்ன? ரிப்பேர் செலவு யாருடையது? இதைத்தான் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம். வணிகர்களில் வண்டி வாங்குவோரும் உண்டு, விற்போரும் உண்டு. ஆகவே ஒரு தரப்புக்காக மட்டும் இதை எழுதவில்லை.

தகராறு எங்கே தொடங்குகிறது?

இத்தகைய வழக்குகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, வாரண்டியின் எல்லை பற்றியது. வாங்குபவர் வண்டி முழுவதற்கும் வாரண்டி என்று நினைக்கிறார். டீலரோ என்ஜின், கியர்பாக்ஸ் இரண்டுக்கு மட்டுமே என்கிறார். கிளட்ச் பிளேட், பிரேக் லைனிங், பேட்டரி, டயர், பெல்ட் போன்றவை ஓட ஓடத் தேய்பவை. இவற்றை வாரண்டியில் சேர்ப்பது வழக்கம் இல்லை.

இரண்டாவது, பழுதின் காரணம் பற்றியது. “ஓவர்லோடு ஏற்றினீர்கள், ஆயில் மாற்றவில்லை, வெளி மெக்கானிக்கை விட்டுப் பிரித்தீர்கள்” என்று டீலர் சொல்வார். “விற்கும்போதே கோளாறு இருந்தது” என்று வாங்கியவர் சொல்வார்.

மூன்றாவது, பொறுப்பு யாருடையது என்பது. “நான் இடையில் நின்ற புரோக்கர்தான். விற்றவர் பழைய ஓனர், அவரைப் போய்க் கேளுங்கள்” என்ற பதில் வரும். வாங்கியவர் கையில் டீலர் பெயரில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாதபோது இந்தப் பதிலை முறியடிப்பது கடினம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. ஒரு பொருளை வழக்கமாக விற்கும் வியாபாரியிடம், அவர் சொல்லும் விவரத்தை நம்பி வாங்கினால், அது விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்பது எழுதாமலே அடங்கிய நிபந்தனை. ஆனால் அதே 16-ஆம் பிரிவு வாங்குபவரையும் எச்சரிக்கிறது. அவர் பொருளைச் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்காகப் பின்னால் வழக்காட முடியாது. தேய்ந்த டயரைப் பார்த்தே வாங்கியவர் அதற்காகக் கேட்க இடமில்லை. பத்து வருடம் ஓடிய வண்டியிடம் புது வண்டியின் தரத்தை எதிர்பார்க்கவும் முடியாது.

இரு தரப்பும் ஒப்பந்தத்தில் எழுதி இந்த நிபந்தனையை நீக்கிக்கொள்ளவும் 62-ஆம் பிரிவு இடம் தருகிறது. “உள்ளது உள்ளபடி வாங்கிக்கொண்டேன்” என்ற வரியில் கையெழுத்துப் போடுமுன் யோசிக்க வேண்டும். எனினும், விபத்தில் அடிபட்டதை அல்லது மீட்டர் திருத்தப்பட்டதைத் தெரிந்தே மறைத்து விற்றால், அது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி மோசடி ஆகும். அந்த ஒரு வரியைக் காட்டி அதிலிருந்து தப்புவது எளிதல்ல.

வாரண்டி எழுதித் தரப்பட்டிருந்தால் அதன் வாசகமே அளவுகோல். மாருதி உத்யோக் நிறுவனத்துக்கு எதிரான ஒரு வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. குறையுள்ள பாகத்தைப் பழுது பார்ப்பது அல்லது மாற்றித் தருவது என்று வாரண்டியில் இருக்கும்போது, காரையே மாற்றித் தரச் சொல்ல முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம். அது புதுக் கார் பற்றிய வழக்கு. பழைய காருக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும் என்பது நம் கருத்து. ஆகவே எடுத்த எடுப்பில் “வண்டியை எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடு” என்று கேட்பதைவிட, எழுதிய ரிப்பேரைச் செய்து தரக் கேட்பதே பலமான வாதம்.

வியாபாரி நுகர்வோர் ஆவாரா?

நம் உறுப்பினர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவரை நுகர்வோராக ஏற்பதில்லை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காகத் தானே பயன்படுத்த வாங்கியவருக்கு விலக்கு உண்டு. கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் இயந்திரம் வாங்கிய லட்சுமி என்ஜினியரிங் ஒர்க்ஸ் தொடுத்த வழக்கில், 1995-இல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. பிழைப்புக்காகத் தானே ஓட்ட ஆட்டோவோ லாரியோ வாங்கியவர் நுகர்வோரே. ஒத்தாசைக்கு ஓரிரு ஆட்களை வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது. ஆனால் வழக்குத் தொடுத்த நிறுவனம் பெரிய அளவில் தொழில் செய்ததால் நுகர்வோராக ஏற்கப்படவில்லை.

ஆகவே குடும்பத்துக்குக் கார் வாங்கியவரும், தன் சிறு கடைக்குத் தானே ஓட்டச் சுமை வண்டி வாங்கியவரும் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். பல வண்டிகளை டிரைவர் வைத்து ஓட்டும் மொத்த வியாபாரி சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கும். அங்கே காலவரம்பு 3 ஆண்டு.

பணம் கொடுக்கும் முன்

1. நம் ஊர் நெடுஞ்சாலையில் நாலு கிலோமீட்டர் ஓட்டிப் பார்ப்பது போதாது. சமதளத்தில் நன்றாக ஓடும் வண்டி மலையில்தான் குணத்தைக் காட்டும். டீலர் சம்மதத்துடன், நமக்குத் தெரிந்த மெக்கானிக்கை உடன் அழைத்துக்கொண்டு, ஆட்களை ஏற்றி, வெள்ளிமலைப் பாதையில் ஒருமுறை ஏறி இறங்க வேண்டும். ஏறும்போது என்ஜின் சூடும் கிளட்ச் நழுவலும், இறங்கும்போது பிரேக்கும் தெரிந்துவிடும்.

2. கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் விவரத்தையும், இன்சூரன்ஸில் விபத்து க்ளெய்ம் விவரத்தையும் கேட்டுப் பார்க்கலாம். கிலோமீட்டர் கணக்கு அங்கே ஒத்துவர வேண்டும்.

3. பழைய வண்டி டீலர்களுக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று பெறும் முறை 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பழைய ஓனர் வண்டியை அத்தகைய டீலரிடம் ஒப்படைத்ததும் அது பதிவாகி, டீலரே ஓனராகக் கருதப்படுவார். அங்கே “நான் புரோக்கர்தான்” என்ற பேச்சுக்கு இடமில்லை.

4. டீலரின் பெயர், முகவரி, ஜி.எஸ்.டி. எண் உள்ள பில் கட்டாயம் வேண்டும். “பில் போட்டால் வரி ஏறும்” என்று சிலர் தயங்குவார்கள். 2025 ஜனவரி முதல் ஜி.எஸ்.டி. பதிவுள்ள டீலர் விற்கும் பழைய வண்டிகளுக்கு வரி 18 சதவீதம்தான். அதுவும் முழு விலைக்கு அல்ல, டீலரின் லாப வித்தியாசத்துக்கு மட்டும்.

பில்லில் என்ன எழுத வேண்டும்?

பில்லின் பின்புறத்திலோ தனித் தாளிலோ கீழ்க்கண்டவாறு எழுதி, டீலர் கையெழுத்தும் முத்திரையும் பெறலாம்:

“மேற்படி எண்ணுள்ள வண்டி இன்றைய தேதியில் ... கி.மீ. ஓடியுள்ளது. இன்று முதல் ... மாதம் அல்லது ... கி.மீ., எது முந்துகிறதோ அதுவரை, என்ஜின், கியர்பாக்ஸ், ... ஆகியவற்றில் வரும் பழுதை உதிரிபாகம், கூலி இரண்டும் எங்கள் செலவில் சரிசெய்து தருகிறோம். வண்டி வழியில் நின்றால் கொண்டுவரும் செலவு ... உடையது. வண்டி ஒப்படைத்த ... நாட்களுக்குள் ரிப்பேர் முடித்துத் தருவோம். இவ்வண்டி எங்களுக்குத் தெரிந்தவரை பெரிய விபத்தில் சிக்கியதில்லை.”

மாதம் மட்டும் எழுதி, கூலியையும் கொண்டுவரும் செலவையும் எழுதாமல் விடுவதே பல தகராறுகளுக்கு வித்து. மலையில் நின்ற வண்டியைக் கள்ளக்குறிச்சிக்கு இழுத்து வருவது சிறு செலவு அல்ல.

பழுது வந்துவிட்டால்

எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் வண்டியை நிறுத்த வேண்டும். “கடை வரைக்கும் ஓட்டிவிடலாம்” என்று தொடர்ந்தால் சேதம் நம் தலையில் விழும். அன்றே டீலருக்குப் போனில் சொல்லி, அதையே எழுத்திலும் அனுப்ப வேண்டும். அவர் பார்க்கும் முன் என்ஜினைப் பிரிக்கக் கூடாது. வழியில் அவசரமாகப் பிரிக்க நேர்ந்தால் போட்டோ எடுத்து, கழற்றிய பாகத்தைப் பத்திரப்படுத்தி, மெக்கானிக்கிடம் தேதியிட்ட பில் வாங்க வேண்டும்.

டீலர் இழுத்தடித்தால், 15 நாள் தவணை கொடுத்து ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்பலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் சொல்லலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் அமலுக்கு வந்தபின், வெளியூரில் வாங்கியிருந்தாலும் நாம் வசிக்கும் இடத்துக்குரிய ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். வண்டிக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. பழுது நேர்ந்து 2 ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். சோதித்துப் பார்த்தால்தான் குறை தெரியும் என்றால், ஆணையமே உரிய சோதனைக்கு அனுப்பலாம்.

வண்டி விற்கும் உறுப்பினர்களுக்கு

எழுதிக் கொடுத்தால் மாட்டிக்கொள்வோம் என்று அஞ்ச வேண்டாம். எழுதாத வாரண்டிக்கு எல்லையே இல்லை. “எது போனாலும்” என்று சொன்னதற்கு நாலு பேர் சாட்சி சொன்னால் டயருக்கும் பேட்டரிக்கும் பதில் சொல்ல வேண்டிவரும். தெரிந்த குறையை முன்கூட்டியே பட்டியலிட்டு, வாங்குபவரிடம் கையெழுத்து வாங்கி வைத்தால், பின்னால் அதைப் பற்றிய பேச்சே எழாது. முறையான சோதனை இல்லாமல் பொதுமக்களுக்கு உத்தரவாதம் அளிப்பதையும், பில் தராமல் இருப்பதையும் நுகர்வோர் சட்டம் முறையற்ற வணிகம் என்றே குறிப்பிடுகிறது.

கடனுக்குச் சரக்கு கொடுக்கும்போது, தெரிந்தவராயினும் நாம் நோட்டில் வரவு வைக்கத் தவறுவதில்லை. சில லட்சம் கொடுத்து வண்டி வாங்கும் அன்று மட்டும் வாய் வார்த்தையோடு திரும்பி வருவது ஏன்? அடுத்த முறை டீலர் சாவியை நீட்டும்போது, பணத்தை எண்ணும் முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.