மரங்கள் எவ்வளவு கரியை விழுங்குகின்றன? காற்றே சொல்லும் கணக்கு

ஆனி, ஆடி மாதங்களில் உடுமலையில் காற்றைப் பற்றிப் பேசாத வீடு கிடையாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் காற்றில் காற்றாலைகள் ஓயாமல் சுழல்கின்றன, தென்னந்தோப்புகள் இரைகின்றன. அரபிக்கடலிலிருந்து வரும் அந்தக் காற்று எந்த இலைக்குள் போய் வந்தது, எந்த மண்ணின் ஈரத்தைத் தொட்டது என்பதற்கான அடையாளமும் அதற்குள்ளேயே இருக்கிறது. அதைப் படித்தறியும் அறிவியலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

"எவ்வளவு புகை வந்தால் என்ன, மரங்கள் குடித்துவிடும்" என்று பலர் சொல்லக் கேட்கிறோம். மரங்கள் உண்மையில் எவ்வளவு குடிக்கின்றன?

இதை ஒரு கடைக் கணக்கு போலப் பாருங்கள். இரவில் கல்லாவில் மிச்சம் எவ்வளவு என்று தெரிகிறது. ஆனால் பகலில் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று எழுதி வைக்கவில்லை. காற்றின் நிலையும் இதுதான். ஹவாய் தீவின் மவுனா லோவா மலையில் 1958-ல் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு சுமார் 315 பங்கு இருந்தது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. இது கல்லாவின் மிச்சம் மட்டுமே. செடிகொடிகள் உள்ளிழுத்தது எவ்வளவு, மண்ணும் வேர்களும் திருப்பி வெளியிட்டது எவ்வளவு என்பதை இந்த எண் சொல்லாது.

அந்த இரண்டையும் பிரித்துக் காட்ட உதவுவது ஆக்சிஜன். எல்லா ஆக்சிஜன் அணுக்களும் ஒரே எடை கொண்டவை அல்ல. பெரும்பாலானவை ஆக்சிஜன்-16. பத்தாயிரத்தில் சுமார் இருபது மட்டும் கனமான ஆக்சிஜன்-18. ஒரே தனிமத்தின் இப்படிப்பட்ட வெவ்வேறு எடை வகைகளை ஐசோடோப்பு என்பார்கள்.

கோடையில் பள்ளிவாசல் ஹவுளில் தண்ணீர் குறைவதைப் பார்த்திருப்போம். ஆவியாகும்போது இலேசான தண்ணீர் மூலக்கூறுகள் சற்று எளிதாகப் போய்விடுகின்றன. மிஞ்சும் தண்ணீரில் கனமான ஆக்சிஜனின் பங்கு கூடுகிறது. தென்னை ஓலையிலும் இதுவே நடக்கிறது. வெயிலில் இலைத்துளைகள் வழியாக நீர் ஆவியாவதால் இலைக்குள் இருக்கும் நீர், வேர் உறிஞ்சிய நீரைவிடக் கனமாகிறது.

அதே துளைகள் வழியாகக் கரியமில வாயு உள்ளே நுழைகிறது. இலையில் உள்ள கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி, அந்த வாயுவின் ஆக்சிஜனையும் இலைநீரின் ஆக்சிஜனையும் நொடிப்பொழுதில் மாற்றிவிடுகிறது. உள்ளே போன வாயுவில் ஒரு பகுதியே உணவாகிறது. பெரும்பகுதி வெளியே திரும்பிவிடுகிறது, இலைநீரின் முத்திரையோடு. மண்ணிலிருந்து வரும் வாயுவோ மண்நீரின் முத்திரையைச் சுமந்து வருகிறது. மண்நீர் மழைநீரை ஒத்தது, இலைநீரைவிட இலேசானது. ஆகவே காற்றில் கனமான ஆக்சிஜன் எவ்வளவு என்று அளந்தால் இலையின் பங்கையும் மண்ணின் பங்கையும் பிரிக்க வழி கிடைக்கிறது.

வழி கிடைத்தாலும் கணக்கு எளிதல்ல. கடலோர மழையைவிட உள்நாட்டு மழையில் கனமான ஆக்சிஜன் பொதுவாகக் குறைவு. வெயில், ஈரப்பதம், காற்றின் திசை எல்லாம் ஊருக்கு ஊர் மாறும். அதனால் விஞ்ஞானிகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் மழை, வெப்பம், ஈரப்பதம், தாவரங்கள் ஆகியவற்றைக் கணினியில் இட்டு, காற்றில் என்ன அளவு வரவேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். இதைத்தான் மாதிரி என்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் கிரஹாம் ஃபார்குவரும் அவருடைய குழுவினரும் 1993-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடித்தளமிட்டது.

மாதிரி சரியா என்று பார்க்க நிஜக் காற்று வேண்டும். நம் நாட்டில் அதற்கான இடம் கோவாவின் கேப் ராமா கடற்கரை முனை. அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வுக்கூடமும் ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனமும் சேர்ந்து 1993 முதல் அங்கே காற்றைக் குடுவைகளில் பிடித்து ஆராய்ந்தன. தென்மேற்குப் பருவத்தில் அங்கே வருவது கடல் காற்று. குளிர்காலத்தில் வருவது நம் வயல்களையும் காடுகளையும் நகரங்களையும் கடந்த நிலக் காற்று. இரண்டையும் ஒப்பிட்டால் இந்திய நிலம் காற்றில் என்ன சேர்க்கிறது, எதை எடுக்கிறது என்று பார்க்கலாம்.

2011-ல் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த லிசா வெல்ப் குழுவினர், முப்பது ஆண்டு அளவுகளை வைத்து முக்கியமான முடிவு ஒன்றை வெளியிட்டார்கள். எல் நினோ ஆண்டுகளில் வெப்பமண்டல நிலப்பகுதிகள் பலவற்றில் மழையும் ஈரப்பதமும் குறைகின்றன. அப்போது கரியமில வாயுவில் கனமான ஆக்சிஜன் கூடுகிறது. எல் நினோ முடிந்தபின் அந்த அடையாளம் எதிர்பார்த்ததைவிட வேகமாக மறைந்தது. அப்படியானால் இலைகள் வழியாக அதிக வாயு போய் வருகிறது என்று பொருள். உலகத் தாவரங்கள் ஆண்டுக்கு 12,000 கோடி டன் கார்பனை உள்ளிழுக்கின்றன என்பது பழைய மதிப்பீடு. அது 15,000 முதல் 17,500 கோடி டன்னாக இருக்கலாம் என்றது இந்த ஆய்வு. 2024-ல் கார்போனைல் சல்ஃபைடு என்ற வேறொரு வாயுவை வைத்துச் செய்த ஆய்வும் சுமார் 15,700 கோடி டன் என்றது.

இதைக் கேட்டு, மரங்கள் அதிகம் குடிக்கின்றன, இனிக் கவலையில்லை என்று நினைத்துவிடக் கூடாது. வரவு கூடினால் செலவும் கூடியிருக்கிறது என்றுதான் அர்த்தம், ஏனெனில் கல்லாவின் மிச்சம் நேரடியாக அளந்தது, அது மாறவில்லை. தாவரங்கள் இழுப்பதில் மிகப் பெரும்பகுதியை அவையும் மண்ணும் திருப்பித் தந்துவிடுகின்றன. நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு ஆகியவற்றை எரித்து மனிதர்கள் ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி டன் கார்பனைக் காற்றில் விடுகிறோம். அதில் பாதியளவை நிலமும் கடலும் ஏற்றுக்கொள்கின்றன. மீதி காற்றிலேயே தங்கிவிடுகிறது. வறட்சி வந்தால் நிலம் ஏற்கும் பங்கும் குறையும்.

ஆகவே மரம் நடுவோம், ஆனைமலைக் காட்டைக் காப்போம். அவை நன்மையான காரியங்கள். ஆனால் நாம் விடும் புகைக்கு நாம்தான் பொறுப்பு. தேவையில்லாமல் ஓடும் வண்டியையும் வீணாக எரியும் விளக்கையும் நிறுத்துவதை வீட்டிலிருந்தே தொடங்கலாம். அறிவியலில் ஆர்வமுள்ள நம் பிள்ளைகளுக்கு இப்படியொரு படிப்பு இருக்கிறது என்பதையும் சொல்லி வையுங்கள். நம் வாசலில் வீசும் காற்றைப் படிக்கும் வேலையில் அவர்களுக்கும் இடமுண்டு.