மூன்று ஊர், மூன்று பின்கோடு

முருங்கையும் கத்தரியும் லாரி லாரியாகக் கேரளத்துக்குப் போகும் ஒட்டன்சத்திரத்தின் பின்கோடு 624619. அஞ்சல் துறை இந்த ஆறிலக்க முறையை 1972 ஆகஸ்ட் 15 அன்று கொண்டுவந்தது. முதலில் நிற்கும் 6 தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய மண்டலத்துக்கு. 624 திண்டுக்கல் பகுதிக்கு. கடைசி மூன்று இலக்கங்கள் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்துக்கு. தபால்காரருக்கு இது போதும். கணக்குப் பிரியர்களுக்கோ இதில் இன்னும் நிறைய இருக்கிறது.

எந்தப் பெரிய எண்ணைப் பார்த்தாலும் முதலில் எழும் கேள்வி, அது எதனால் மீதியின்றி வகுபடும் என்பதுதான். 624619 ஒற்றைப்படை. இலக்கங்களைக் கூட்டினால் 28, ஆகவே 3 வகுக்காது. 7, 11, 13 என்று 29 வரை போய்ப் பார்த்தாலும் மீதி விழும். 31-இல் பிடி கிடைக்கிறது: 31 × 20149. அந்த 20149 பகா எண். ஆக, ஒட்டன்சத்திரத்துக்கு மொத்தம் நாலே காரணிகள். காரணிகள் மலிந்த எண்களைப் பற்றி ராமானுஜன் 1915-இல் நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அந்த வகையைச் சேர்ந்த 665280-க்கு 224 காரணிகள்!

பக்கத்தில் இருக்கும் பழனியின் 624601 பகா எண். இதை உறுதி செய்ய 790-க்கு உட்பட்ட 138 பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். 790-ஐத் தாண்டிய காரணி ஒன்று இருந்தால், அதன் ஜோடி 790-க்குக் கீழே வந்தே ஆக வேண்டும்.

கொடைக்கானலுக்கு ஏறினால் ஆச்சரியம் கூடுகிறது. அதன் பின்கோடு 624101. 790-இன் வர்க்கம் 624100. அதோடு 1-இன் வர்க்கத்தைச் சேர்த்தால் கொடைக்கானல். 650-இன் வர்க்கமான 422500-ஐயும் 449-இன் வர்க்கமான 201601-ஐயும் கூட்டினாலும் அதே கொடைக்கானல்தான். கணித அறிஞர் ஹார்டி வந்த டாக்சியின் எண் 1729 இரண்டு கனங்களின் கூட்டலாக இரு வழிகளில் அமைவதை ராமானுஜன் சொன்னாரே, அதற்கு இது நெருங்கிய உறவு. இப்படி இரண்டு வர்க்கங்களாக இரு வழிகளில் பிரியும் எண் பகா எண்ணாக இருக்க முடியாது. கொடைக்கானலும் அப்படியே, 281 × 2221.

நாலால் வகுத்தால் 1 மீதி வரும் பகா எண்ணை இரு வர்க்கங்களாகப் பிரிக்க ஒரே ஒரு வழிதான் உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா சொன்னதை அடுத்த நூற்றாண்டில் ஆய்லர் நிரூபித்தார். பழனிக்கு அந்த ஒரே வழி, 624-இன் வர்க்கமும் 485-இன் வர்க்கமும். திண்டுக்கல் பகுதியின் 624 இங்கே வந்து நிற்பது தற்செயல்தான் என்றாலும் மனசு குதிக்கிறது.

ஒட்டன்சத்திரத்துக்கு அந்த ஒரு வழிகூடக் கிடையாது. எந்த வர்க்கத்தையும் நாலால் வகுத்தால் மீதி 0 அல்லது 1. இரண்டு வர்க்கங்களைக் கூட்டினால் மீதி 2-ஐத் தாண்டாது. 624619-இன் மீதியோ 3. கணினியே தேவையில்லை, கதவு சாத்தியாகிவிட்டது. மூன்றாவது வர்க்கம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் மட்டும் திறக்கிறது: 789, 37, 27. இவற்றின் வர்க்கங்கள் 622521, 1369, 729. கூட்டிப் பார்க்கலாம்.