பிரித்துப் போட்டால் வட்டி கூடுமா?

ஆவணி முகூர்த்த நாள்களில் சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் மல்லியும் பிச்சியும் எடை போட்டு முடிவதற்குள், கமிஷன் கடைக்காரரின் செல்போன் பத்துத் தடவையாவது ஒலித்துவிடும். வெளியூர் வியாபாரிகள் அனுப்பும் பணம் கடையின் கரண்ட் அக்கவுண்டில் விழுகிற சத்தம் அது. மூன்று லட்சம், நான்கு லட்சம் என்று அங்கே வாரக்கணக்கில் கிடக்கும் தொகைக்கு ஒரு ரூபாய்கூட வட்டி வராது.

2025-ல் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் கடைசி நாள் செப்டம்பரில் வந்தது. ஜன் தன் கணக்குகளுக்கு மறு கேஒய்சி செய்ய ஊராட்சிதோறும் முகாம்களும் அப்போது நடந்தன. எத்தனை பாஸ்புக் இருக்கிறது என்று பலரும் பீரோவைத் திறந்து எண்ணிப் பார்த்த நேரம் அது என்பதால், வாசகர் கடிதங்களிலும் அதே பேச்சுதான். ‘லண்டனில் இருக்கும் பையன் நாலைந்து கரண்ட் அக்கவுண்ட் வைத்து நல்ல வட்டி வாங்குகிறான். இங்கேயும் பணத்தைப் பல வங்கிகளில் பிரித்துப் போட்டால் வட்டி கூடுமா?’ என்பதே பெரும்பாலான கடிதங்களின் சாரம்.

பையன் சொல்வது சரிதான். பிரிட்டனில் சில கரண்ட் அக்கவுண்டுகளுக்கு வட்டி உண்டு, ஆனால் முதல் சிறு தொகைக்கு மட்டும். நேஷன்வைடு நிறுவனத்தின் ஃபிளெக்ஸ்டைரக்ட் கணக்கு முதல் 1,500 பவுண்டுக்கு, முதல் ஓராண்டுக்கு, 5 சதவீதம் தருகிறது. மாதம் 1,000 பவுண்டு உள்ளே வர வேண்டும் என்பது நிபந்தனை. அதற்கு மேல் போடும் பணத்துக்குப் பயன் இல்லை என்பதால் அங்கே நாலு கணக்கு திறக்கிறார்கள். ஒரே சம்பளத்தைக் கணக்குக்குக் கணக்கு சுற்றவிட்டு நிபந்தனையையும் நிறைவேற்றிவிடுகிறார்கள்.

இந்தியாவில் கரண்ட் அக்கவுண்டுக்கு வட்டி தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதில் ஒரு விதிவிலக்கு, படிக்கும்போதே மனதைப் பிசைகிறது. கணக்கு வைத்திருந்த தனிநபர் இறந்துவிட்டால், இறந்த நாளிலிருந்து வாரிசு பணத்தை வாங்கும் நாள் வரை அந்தக் கரண்ட் அக்கவுண்டுக்குச் சேமிப்புக் கணக்கு வட்டி உண்டு. இறந்த கடைக்காரரின் குடும்பம் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஆக, நம் ஊரில் பிரித்துப் போடலாமா என்ற கேள்வி சேமிப்புக் கணக்குக்குத்தான் பொருந்தும். விடை லண்டன் விடைக்கு நேர் எதிரானது.

2011 அக்டோபர் 25-ல் சேமிப்பு வட்டியை வங்கிகளே நிர்ணயிக்க அனுமதி வந்தது. 1 லட்சம் வரை எல்லோருக்கும் ஒரே வட்டி. அதற்கு மேல் தொகைக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம். சிறியவர் சேமிப்புக்குப் போட்டியால் நல்ல விலை கிடைக்கும் என்றார்கள். அப்போது 4 சதவீதமாக இருந்தது. 2025 ஜூன் 15 முதல் ஸ்டேட் வங்கியில் எவ்வளவு போட்டாலும் 2.5 சதவீதம். 10 லட்சத்தை ஒரே கணக்கில் வைத்தாலும், இதே விகிதம் தரும் பத்து வங்கிகளில் பிரித்தாலும் ஆண்டுக்குக் கிடைப்பது அதே 25,000 ரூபாய்தான். போட்டியால் வட்டி கூடிய இடங்களிலும் அதன் பலன் பெரிய தொகை வைத்திருப்பவருக்கே போய்ச் சேர்ந்தது.

கூடுதல் வட்டி தருபவை சிறு நிதி வங்கிகள். அவற்றின் வட்டிப் பட்டியலை ஒரு நிமிடம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வங்கிக்கு வங்கி மாறினாலும் கடந்த சில ஆண்டுகளில் பல பட்டியல்களின் வடிவம் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது: முதல் 1 லட்சத்துக்கு 3 சதவீதம், 1 முதல் 5 லட்சம் வரையிலான பகுதிக்கு 5 சதவீதம், 5 லட்சத்தைத் தாண்டிய பகுதிக்கு 7 சதவீதம். கணக்குப் போடுவோம். 10 லட்சத்தை ஒரே கணக்கில் வைத்தால் 3,000, 20,000, 35,000 சேர்ந்து ஆண்டுக்கு 58,000 ரூபாய். அதையே இதே பட்டியல் உள்ள ஐந்து வங்கிகளில் இரண்டிரண்டு லட்சமாகப் போட்டால் வங்கிக்கு 8,000 வீதம் மொத்தம் 40,000. பத்து வங்கிகளில் என்றால் வெறும் 30,000. பிரிக்கப் பிரிக்க வட்டி தேய்கிறது.

அப்படியென்றால் ஒரே இடத்தில் வைத்துவிடலாமே என்று தோன்றும். அந்த 7 சதவீதம் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். வைப்புத்தொகைக் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு, அசலும் வட்டியும் சேர்த்து, 5 லட்சம் வரைதான். 1993 முதல் 1 லட்சமாக இருந்து 2020 பிப்ரவரி 4-ல் உயர்ந்த வரம்பு இது. காப்பீடு முடிகிற அதே கோட்டில் உயர்ந்த வட்டி தொடங்குகிறது. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வரும் ‘7 சதவீதம்’ என்பது, வங்கி விழுந்தால் உறுதி இல்லாத பணத்துக்கான விலை. இதை எந்த விளம்பரமும் வாடிக்கையாளரிடம் சொல்வதில்லை.

‘97.8 சதவீதக் கணக்குகளுக்கு முழுப் பாதுகாப்பு’ என்பது வைப்புத்தொகைக் காப்பீட்டுக் கழகம் 2024 மார்ச் நிலவரமாகச் சொன்ன எண். உண்மைதான், ஆனால் அது கணக்குகளின் எண்ணிக்கை. தொகையில் பார்த்தால் காப்பீட்டுக்குள் இருந்தது 43.1 சதவீதம்.

வங்கியாவது விழுவதாவது என்பவர்கள் 2020 நவம்பர் 17-ஐ நினைத்துப் பார்க்கலாம். கரூரில் 1926-ல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியில் அன்று மாலை முதல் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியவில்லை. பத்து நாளில் டிபிஎஸ் வங்கியோடு இணைத்து வைப்பாளர்களின் பணத்தைக் காப்பாற்றினார்கள். பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

காப்பீட்டு விதிகளுக்குள் ஒரு சூட்சுமம் இருக்கிறது. காப்பீட்டில் ‘ஒருவர்’ என்பது கணக்கில் உள்ள பெயரையும், பெயர்களின் வரிசையையும் பொறுத்தது. கணவர் தனியாக, மனைவி தனியாக, கணவர் பெயர் முதலில் வரும் கூட்டுக் கணக்கு, மனைவி பெயர் முதலில் வரும் கூட்டுக் கணக்கு என்று ஒரே வங்கியில் நான்கு கணக்குகள் வைத்தால் நான்குக்கும் தனித்தனியாக 5 லட்சம் உண்டு. நான்கு வங்கி ஏறி இறங்க வேண்டியதில்லை.

விசைத்தறிக் குடும்பம் ஒன்று மனை விற்ற 18 லட்சத்தை இப்படி நாலரை லட்சமாகப் பிரித்தால், மேலே சொன்ன பட்டியலில் ஆண்டு வட்டி 82,000 ரூபாய்; முழுத் தொகைக்கும் காப்பீடு. மொத்தத்தையும் ஒரே கணக்கில் போட்டால் 1,14,000 ரூபாய். ஆனால் 13 லட்சம் காப்பீட்டுக்கு வெளியே நிற்கும். அந்த 32,000 ரூபாய்க்காக 13 லட்சத்தைப் பணயம் வைக்கலாமா என்பதுதான் கேள்வி. வைக்க வேண்டாம் என்பதே இந்தக் கட்டுரையின் கருத்து. அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் 4 சதவீதம், அதாவது 72,000 ரூபாய். முழுத் தொகைக்கும் மத்திய அரசே பொறுப்பு என்பதால் பிரிக்கும் வேலையும் இல்லை.

பூக்கடைக்காரர் கவனிக்க வேண்டியது வேறு. கடை அவர் ஒருவருக்கே சொந்தம் என்றால், கடையின் கரண்ட் அக்கவுண்டும் அதே வங்கியில் உள்ள அவருடைய சொந்தச் சேமிப்பும் சேர்த்துத்தான் 5 லட்சம். பங்குதாரர் நிறுவனம் என்றால் தனி. சொந்தச் சேமிப்பை வேறு வங்கிக்கு மாற்ற இது ஒன்றே போதுமான காரணம்.

கடிதங்களில் வந்த மற்ற கேள்விகள்:

ஒரே வங்கியின் வேறு கிளையில் போட்டால்? காப்பீட்டுக்கு எல்லாக் கிளைகளும் ஒன்றுதான்.

வங்கி முடங்கினால் காப்பீட்டுப் பணம் எப்போது? காப்பீட்டுச் சட்டத்தின் 2021 திருத்தத்தின்படி 90 நாளுக்குள். அந்த வங்கிக்குத் தர வேண்டிய கடன் இருந்தால் கழித்துக்கொள்ளலாம்.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போட்ட டெபாசிட்? இந்தக் காப்பீடு இல்லை; மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்கு உண்டு.

மாதம் 10-ம் தேதிக்குள் பணம் போட வேண்டுமா? அது 2010 மார்ச்சோடு போயிற்று; இப்போது அன்றாட இருப்புக்கு வட்டி.

குறைந்தபட்ச இருப்பு? ஸ்டேட் வங்கி, இந்தியன் வங்கி போன்றவை அபராதத்தைக் கைவிட்டுவிட்டன. தனியார் வங்கியில் கணக்குத் திறக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

பல வங்கிகளில் பிரித்தால் வரி மிச்சமா? சேமிப்பு வட்டிக்கு டிடிஎஸ் பிடிப்பதில்லை, ஆனால் வட்டி முழுவதும் வருமானம்தான். பழைய வரி முறையில் 10,000 ரூபாய் வரை, மூத்தவர்களுக்கு டெபாசிட் வட்டியும் சேர்த்து 50,000 வரை கழிவு.

பழைய கணக்கை அப்படியே விட்டால்? இரண்டு ஆண்டு வரவு செலவு இல்லையென்றால் முடங்கும். பத்து ஆண்டு கடந்தால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகும், கேட்டால் திரும்பக் கிடைக்கும்.

வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் முன் என்ன செய்ய வேண்டும்? எல்லா பாஸ்புக்கிலும் என்ட்ரி போட்டு, மார்ச் 31 வரையிலான வட்டியைக் கூட்டி, வருமான வரித் தளத்தில் உங்கள் பெயரில் இருக்கும் ஏஐஎஸ் (ஆண்டுத் தகவல் அறிக்கை) பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.