வேலையைக் குறைத்துத் தப்பிக்கும் புற்றுநோய்

முதலில் நன்றாக வேலை செய்த மருந்து ஒரு கட்டத்தில் பயனற்றுப் போனால், நோய் மருந்துக்குப் பழகிவிட்டது, முன்னைவிட வலுவாகிவிட்டது என்றுதான் எண்ணுகிறோம். இன்னும் வீரியமான மருந்து வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் அதைத் தொடர்ந்தே வருகிறது. எலும்பு மஜ்ஜையில் உருவாகும் மல்டிபிள் மைலோமா என்ற புற்றுநோயில், புரோட்டியசோம் தடுப்பான்கள் எனப்படும் மருந்துகளை வைத்து நடந்த ஆய்வுகளைப் பார்த்தால், இந்த எண்ணம் பாதிதான் சரி என்று தெரியும். அங்கே மருந்துக்குத் தப்பும் செல்களில் பல, புதிதாகப் பலம் சேர்த்துக்கொண்டவை அல்ல. வழக்கமாகச் செய்துவந்த வேலையைக் குறைத்துக்கொண்டவை. சிகிச்சையை எப்படித் திட்டமிடுவது, நோய் திரும்பினால் என்ன கொடுப்பது என்ற கேள்விகள் இரண்டுக்கும் இந்த வேறுபாடு முக்கியம்.

மைலோமா என்பது பிளாஸ்மா செல்களில் வரும் புற்று. கிருமிகளை எதிர்க்கும் ஆன்டிபாடிகளைத் தயாரிப்பதே பிளாஸ்மா செல்லின் பிழைப்பு. ஒரு செல் நொடிக்கு ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளை வெளியே அனுப்பும். புற்றான பிறகும் அது உற்பத்தியை விடுவதில்லை. ஒரே வகைப் புரதத்தை, எம் புரதம் எனப்படும் யாருக்கும் உதவாத புரதத்தை, ரத்தத்தில் கொட்டிக்கொண்டே இருக்கும். எலும்பு அரிப்பு, ரத்தசோகை, சிறுநீரகப் பாதிப்பு என்று நோயாளி படும் துன்பங்கள் இந்தச் செல்களின் பெருக்கத்தாலும் அவை கொட்டும் புரதத்தாலும் வருபவை. இவ்வளவு வேகமான உற்பத்தியில் சரியாக மடங்காத, பழுதான புரதங்களும் நிறைய வரும். அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி அப்புறப்படுத்தும் உறுப்புதான் புரோட்டியசோம். எந்தப் புரதத்தை அழிக்க வேண்டும் என்று அடையாளம் இடுவது யுபிக்விட்டின் என்ற இன்னொரு சிறு புரதம். இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்ததற்காக ஆரோன் சிகனோவர், அவ்ரம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் மூவருக்கும் 2004இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

புரோட்டியசோமை மருந்தால் அடைக்கலாம் என்று முயன்றவர்கள் மைலோமாவை மனத்தில் வைத்துத் தொடங்கவில்லை. ஹார்வர்டின் ஆல்ஃபிரட் கோல்ட்பர்க், நோயாளிகளின் தசைகள் கரைந்துபோவதைத் தடுக்க முடியுமா என்றுதான் 1990களில் ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே ஜூலியன் ஆடம்ஸ் குழு உருவாக்கிய போரான் சேர்ந்த மூலக்கூறே போர்ட்டிசோமிப். முதற்கட்டச் சோதனையில், வேறு எதற்கும் அடங்காத ஒரு மைலோமா நோயாளிக்கு நோய் தடயமே இல்லாமல் மறைந்தது. அதன் பிறகுதான் ஆராய்ச்சி மைலோமா பக்கம் திரும்பியது. முந்தைய சிகிச்சைகள் கைவிட்ட 202 பேரிடம் நடந்த அடுத்த சோதனையில் சுமார் 35 சதவீதம் பேரிடம் பலன் தெரிந்தது. 2003 மே மாதம் அமெரிக்க ஒப்புதல் வந்தது. கார்ஃபில்சோமிப் 2012இலும், மாத்திரையாக விழுங்கக்கூடிய இக்ஸாசோமிப் 2015இலும் வந்தன.

புரோட்டியசோம் நம் உடலின் எல்லாச் செல்களிலும் இருக்கிறது. அப்படியிருக்க, அதை அடைத்தால் மைலோமா செல் மட்டும் ஏன் முதலில் சாகிறது? மிலான் நகர ஆய்வாளர்கள் 2009இல் இதற்குத் தெளிவான விடை தந்தார்கள். செல் மீது விழும் புரதச் சுமைக்கும் அதன் புரோட்டியசோம் திறனுக்கும் இடையிலான விகிதமே உயிரையும் சாவையும் முடிவு செய்கிறது. மதகை அடைத்தால் நீர்வரத்து மிகுந்த ஏரிதான் உடையும். வரத்தே இல்லாத குட்டைக்கு ஒன்றும் ஆகாது. மைலோமா செல் ஏற்கெனவே விளிம்பு வரை நிரம்பிய ஏரி. ஆகவே மருந்தின் பலத்தில் பாதி, அந்தச் செல்லின் சொந்த உழைப்பிலிருந்து வருகிறது. இதை ஏற்றுக்கொண்டால் அடுத்த முடிவும் தானே வரும்: உழைப்பைக் குறைத்த செல்லிடம் இந்த மருந்து பலமிழக்கும்.

ஆனால் ஆய்வாளர்கள் முதலில் தேடியது இதை அல்ல. மருந்து ஒட்டிக்கொள்ளும் இடம் மாறியிருக்கும் என்று நினைத்தார்கள். அது நியாயமான ஊகம்தான். சோதனைக்கூடத்தில் செல்களுக்கு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்து வளர்த்தபோது, பிஎஸ்எம்பி5 என்ற புரோட்டியசோம் மரபணுவில் அத்தகைய மாற்றங்கள் கிடைக்கவும் செய்தன. நோயாளிகளிடம் தேடியபோதோ அவை அரிதாகவே அகப்பட்டன. நீண்ட காலம் மருந்து எடுத்த ஒரே நோயாளியிடம் இப்படி நான்கு வேறு வேறு மாற்றங்கள் இருந்ததாக 2019இல் ஒரு குழு எழுதியது. ஆகவே இந்த வழி இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. மருந்து கைவிட்ட பெரும்பாலான நோயாளிகளுக்கு அது விளக்கம் ஆகாது, அவ்வளவுதான். இதற்கிடையே 2013இல் டொரன்டோ குழு ஒன்று வேறு திசையைக் காட்டியது. ஆன்டிபாடி உற்பத்திக்குச் செல்லைத் தயார்படுத்தும் எக்ஸ்பிபி1 என்ற புரதம் செயல்படாத, முழு வளர்ச்சி அடையாத முன்னோடிச் செல்கள் மைலோமாவுக்குள்ளேயே இருக்கின்றன. அவை அதிகம் சுரப்பதில்லை, போர்ட்டிசோமிப்பிலும் பிழைத்துக்கொள்கின்றன என்றது அந்த ஆய்வு.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். சுரக்காத செல்தான் தப்புகிறது என்றால், நோய் திரும்பும்போது ரத்தப் பரிசோதனையில் அதே எம் புரதம் மறுபடி ஏறுவது எப்படி? தப்பிய முன்னோடிச் செல்கள் அப்படியே நின்றுவிடுவதில்லை என்பதே பதில். அவை பெருகி, முதிர்ந்து, சுரக்கும் செல்களை மறுபடி உண்டாக்குகின்றன. இந்தப் பதில் சரியானால், திரும்பி வந்த நோயில் ஒரு பகுதி மீண்டும் அதே மருந்துக்கு அடங்க வேண்டும். அடங்கியிருக்கிறது. போர்ட்டிசோமிப் முன்பு பலித்து, குறைந்தது ஆறு மாத இடைவெளிக்குப் பின் நோய் திரும்பிய 130 பேருக்கு அதே மருந்தை மறுபடி கொடுத்த ஆய்வில், 40 சதவீதம் பேரிடம் பலன் கிடைத்ததாக 2013இல் அறிவித்தார்கள். நிலையான மரபணு மாற்றம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றால் இந்த எண்ணிக்கையை விளக்குவது கடினம். ஆனாலும் எல்லாத் தோல்வியையும் முன்னோடிச் செல்கள் தலையில் கட்டிவிடக் கூடாது. மஜ்ஜையில் உள்ள அண்டைச் செல்கள் தரும் பாதுகாப்பு, அடைப்பை உணர்ந்ததும் செல்லே புதிய புரோட்டியசோம்களைக் கட்டிக்கொள்வது என்று வேறு வழிகளும் உண்டு.

இன்னொரு மறுப்பு மருத்துவமனையிலிருந்து வரும். வீரியம் கூடிய மருந்தால் பயன் இல்லை என்று எப்படிச் சொல்லலாம்? போர்ட்டிசோமிப் ஒட்டிவிட்டுப் பிறகு விலகும். கார்ஃபில்சோமிப் ஒட்டினால் விலகாது. 929 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்ட எண்டெவர் சோதனையில், நோய் கட்டுக்குள் இருந்த காலம் போர்ட்டிசோமிப் பெற்றவர்களுக்கு 9.4 மாதம், கார்ஃபில்சோமிப் பெற்றவர்களுக்கு 18.7 மாதம். இரு மடங்கு என்பது சின்ன விஷயம் அல்ல. நோயாளிக்கு அது நோய் முற்றாத ஒன்பது கூடுதல் மாதங்கள். ஆனால் அந்தச் சோதனையில் யாரைச் சேர்த்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். முன்பு போர்ட்டிசோமிப் எடுத்திருந்தால், அது பலித்தவர்களை மட்டுமே, அதுவும் இடைவெளி விட்டே சேர்த்தார்கள். ஆக, சுமை மிகுந்த செல்களைக் கொல்ல அழுத்தமான அடைப்பு நல்லது என்பதைத்தான் அது நிரூபித்தது. சுமை குறைந்த செல்லுக்கு விடை அதில் இல்லை. இதயப் பாதிப்பும் ரத்த அழுத்தமும் கார்ஃபில்சோமிப்பில் கூடுதல் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

செல்லின் சுமையையே கூட்டிவிட்டால்? சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் அதைத்தான் செய்து பார்த்தார்கள். எச்ஐவிக்குக் கொடுத்துவந்த நெல்ஃபினாவிர் என்ற பழைய மருந்து, செல்லுக்குள் புரத நெருக்கடியைத் தூண்டும். புரோட்டியசோம் தடுப்பான் கைவிட்ட 34 பேருக்கு அதைப் போர்ட்டிசோமிப்போடு சேர்த்துக் கொடுத்ததில் 65 சதவீதம் பேரிடம் பலன் தெரிந்ததாக 2018இல் எழுதினார்கள். ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறு சோதனை என்பதால் இதை வைத்து ஆர்ப்பரிக்க முடியாது. எனினும், கோட்பாடு காட்டிய இடத்தில் பலன் கிடைத்திருக்கிறது என்பதே என் கணிப்பு. இதைவிட உறுதியான ஆதாரம் கூட்டுச் சிகிச்சையில் இருக்கிறது. போர்ட்டிசோமிப், லெனலிடோமைட், டெக்சாமெத்தசோன் மூன்றோடு, செல்லின் மேற்பரப்பில் உள்ள சிடி38ஐக் குறிவைக்கும் டாராட்டுமுமாப்பையும் தொடக்கத்திலேயே சேர்த்த பெர்சியஸ் சோதனையில், நான்கு ஆண்டுகளுக்குப் பின் 84.3 சதவீதம் பேர் நோய் முற்றாமல் இருந்தார்கள். மூன்று மருந்து பெற்ற குழுவில் 67.7 சதவீதம். ஒரு மருந்துக்குத் தப்பும் செல் இன்னொன்றிடம் மாட்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. நோயாளியின் சொந்த நோயெதிர்ப்புச் செல்களையே மாற்றியமைத்துப் புற்றைத் தாக்க அனுப்பும் கார்-டி செல் சிகிச்சை வந்துவிட்டதால் இந்தப் பழைய விவாதம் எதற்கு என்பாரும் உண்டு. ஆனால் அந்தச் சிகிச்சை தேடிச் செல்லும் பிசிஎம்ஏ என்ற அடையாளத்தையே இழந்து தப்பிய மைலோமாவை 2021லேயே பதிவு செய்துவிட்டார்கள்.

நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் நடைமுறையில் இரண்டு சேதிகள் உண்டு. கிரீன் டீயில் உள்ள ஒரு பொருள் போர்ட்டிசோமிப்பின் போரான் பகுதியோடு ஒட்டி மருந்தைச் செயலிழக்கச் செய்கிறது என்று 2009இல் சோதனைக்கூடத்திலும் எலிகளிலும் கண்டார்கள்; ஆகவே உடம்புக்கு நல்லது என்று கிரீன் டீ சாறு மாத்திரைகளையோ வைட்டமின் சி மாத்திரைகளையோ மருத்துவரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். அடுத்தது, எந்த மருந்து எத்தனை சுழற்சி கொடுக்கப்பட்டது, எப்போது, எதனால் நிறுத்தப்பட்டது என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கைகால் மரத்துப்போனதால் நிறுத்திய மருந்தும், எடுத்துக்கொண்டிருக்கும்போதே நோய் முற்றியதால் நிறுத்திய மருந்தும் ஒன்றல்ல. முதல் வகையை அளவு குறைத்தோ, அதே வகையில் வேறு மருந்தாகவோ மறுபடி கொடுக்க வாய்ப்பு உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.