கல்யாண முருங்கைப் பட்டினம்

வண்டலூரிலிருந்து படப்பை வழியாக ஒரகடம் செல்லும் சாலையில் ராட்சஸப் பெட்டிகளைச் சுமந்து போகும் லாரிகளை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். இங்கே செய்த சாமான்கள் துறைமுகத்துக்குப் போகின்றன. கடல் கடந்த சாமான்கள் இங்கே வருகின்றன. இது ஏதோ நேற்றுத் தோன்றிய புதுமை என்று எண்ணிவிட வேண்டாம். எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் வணிகர்கள் சீனக் கடற்கரைப் பட்டினம் ஒன்றில் தங்கி வியாபாரம் செய்திருக்கிறார்கள். அதோடு நின்றார்களா? சிவபெருமானுக்குக் கோயிலும் எடுத்திருக்கிறார்கள்!

அந்தப் பட்டினத்தின் பெயர் சுவான்சோ. பூஜியன் மாகாணத்தில், தைவான் தீவுக்கு எதிர்க்கரையில், ஜின் ஆறு கடலில் கலக்குமிடத்தில் இருக்கிறது. பின்புறம் மலை; விளைநிலம் கொஞ்சம். நிலம் கைவிட்டால் கடல்தானே கதி? வாடைக் காற்றில் பாய் விரித்துத் தெற்கே போவார்கள். தென்மேற்குப் பருவக் காற்றில் திரும்பி வருவார்கள். 1087-ல் அரசாங்கம் அங்கே கடல் வாணிகத்துக்கென்று தனிக் காரியாலயமே திறந்தது.

ஊரெங்கும் செந்நிறப் பூப் பூக்கும் மரம் ஒன்று உண்டு. வேறெதுவும் இல்லை, நம் வேலிகளில் நிற்கும் கல்யாண முருங்கைதான்! அதன் சீனப் பெயரை வைத்தே அராபியர்கள் அவ்வூரை 'ஜைத்தூன்' என்றார்கள். 'ஸாடின்' துணியின் பெயரும் அதிலிருந்து பிறந்ததென்று சொல்வதுண்டு. அலெக்ஸாண்டிரியாவுக்கு ஒரு கப்பல் மிளகு போனால் ஜைத்தூனுக்கு நூறு கப்பல் வருகிறது என்று வியந்தான் மார்க்கோ போலோ. அது வெறும் கதையல்ல. 1974-ல் அங்கே சேற்றிலிருந்து தோண்டி எடுத்த பழைய கப்பலில் வாசனைக் கட்டைகளும் மிளகும் இருந்தன.

இனி நம்மவர் கதைக்கு வருவோம். அந்த ஊரில் கிடைத்த கல் ஒன்றில் தமிழ் எழுத்துக்கள் இருக்கின்றன. அடியில் ஒரு வரி சீன எழுத்து. சகாப்தம் 1203, சித்திரை மாதம், அதாவது கி.பி. 1281. குப்ளாய் கான் ஆண்ட காலம். சம்பந்தப் பெருமாள் என்பவர் கானின் திருமேனி நன்றாக இருக்க வேண்டி, அரச ஆணையின்படி சிவனை எழுந்தருளச் செய்தார் என்கிறது சாஸனம். பிழைக்கப் போன ஊரின் அரசன் நலத்துக்காகச் சொந்த ஊர்த் தெய்வத்திடம் பிரார்த்தனை!

ஆனால் காலம் ஒரே மாதிரி இருக்குமா? 1357-ல் தொடங்கிய கலகம் ஏறக்குறைய பத்து வருஷம் நீடித்தது. அந்நியர்கள் பலர் மாண்டார்கள். 1371-ல் மிங் சக்கரவர்த்தி, குடிமக்கள் கடல் வாணிகம் செய்யக்கூடாதென்று தடுத்தார். துறைமுகமும் வண்டலால் தூர்ந்தது. பட்டினத்தின் செல்வாக்கு ஒடுங்கிற்று. சிவன் கோயிலும் மறைந்தது.

கோயில் போனாலும் கற்கள் போகவில்லை. கி.பி. 686-ல் தோன்றிய கையுவான் பௌத்த ஆலயத்தைப் பிற்காலத்தில் புதுப்பித்தவர்கள், அந்தக் கற்களை எடுத்துப் பொருத்தினார்கள். பின் மண்டபத்து இரு தூண்களில் நரசிம்மரையும் கிருஷ்ண லீலைகளையும் இன்றும் காணலாம். யானை லிங்கத்தைப் பூஜிக்கும் சிற்பமும் கிடைத்திருக்கிறது. திருவானைக்காக் கதை தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டுமா? சேதியன் என்ற பக்கத்துக் கிராமத்தில் நம்மூர்ச் சாயலுள்ள அம்மன் சிலையைக் கருணைத் தெய்வமான குவான்யின் என்று கொண்டு, ஊதுவத்தி ஏற்றி வணங்குகிறார்கள்.

இன்றைய சுவான்சோ வட்டாரம் செருப்புக்கும் ஆடைக்கும் பேர் போனது. தேஹுவாவின் வெள்ளைப் பீங்கானும் ஆன்சியின் தேயிலையும் இவ்வட்டாரத்தவையே. 2021-ல் யுனெஸ்கோ அதன் பழைய சின்னங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

அவர்கள் ஊரில் நம் கற்கள் பிழைத்தன. நம் ஊரில் அவர்கள் சின்னம் என்னவாயிற்று? மாலுமிகள் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டு 'சீனக் கோபுரம்' என்றழைத்த நாகப்பட்டினத்துப் பழங்கோபுரம், 1867-ல் வெள்ளையர் அரசாங்க அனுமதியோடு இடிக்கப்பட்டது. எஞ்சியவை சில்லறைத் தடயங்களே. ராமநாதபுரம் பெரியபட்டினத்து மண்ணில் சீனப் பீங்கான் ஓடுகள் அகப்பட்டிருக்கின்றன. கடற்கரை ஊர் எதிலாவது பச்சைப் பளபளப்போடு ஒரு பழைய ஓடு உங்கள் காலில் இடறினால், தள்ளிவிட்டுப் போய்விடாதீர்கள். ஊரில் விஷயம் தெரிந்தவர்களிடம் காட்டுங்கள். சம்பந்தப் பெருமாள் காலத்துக் கப்பலில் வந்ததாகவும் இருக்கலாம் அல்லவா?